துரையின் வம்சமும் நம் வம்சமும்

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரியுமா? எங்கள் செட் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். பதில் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பாட்டியின் அம்மா பெயர் என்ன என்று கேட்டதும் அந்தச் சிலரும் காணாமல் போய்விட்டார்கள்.

என் கதையும் அதேதான். எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா... அதோடு சரி. அதற்கு மேலே "நம்ம பெரியவங்க" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். என் பாட்டியின் அம்மாவுக்குப் பெயர் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "ஆயா"ன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க என்கிறார் என் அத்தை.

இந்த ஆராய்ச்சி எனக்கு எப்படித் தொற்றியது என்று சொல்லிவிடுகிறேன். நான் சிவில்காரன். கடற்கரை ரோட்டில் கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே சர்வே வேலையாக அலைந்துகொண்டிருந்த சமயம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மையார் தெரிந்தவர் மூலம் அறிமுகமானார். அவருடைய முன்னோர் ஒருவர் மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவராம். செங்கல்பட்டுக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குள் ரயில் பாதை ஓடுவதைப் பார்த்து அவர் அதிர்ச்சி அடையவில்லை, நான்தான் வெட்கப்பட்டேன்! அவர் கையில் ஒரு நோட்டு. அதில் ஏழு தலைமுறை. யார் எங்கே பிறந்தார், எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம், எந்தக் கப்பலில் வந்தார், எத்தனை ரூபாய்க் கடனோடு செத்தார் என்பது வரைக்கும் இருந்தது. ஏழு கடல் தாண்டி வந்தவருக்குத் தெரிகிறது, ஏழாவது மைலில் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

இப்படித் தேடி வருகிறவர்கள் செங்கல்பட்டுக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. 1752-ல் கேப்டன் கிளைவ், புதிதாகப் பிடித்துவந்த ஆட்களை வைத்துக்கொண்டு முதலில் கோவளம் கோட்டையையும் அடுத்துச் செங்கல்பட்டையும் பிடித்தார். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். சேதி கேட்ட ஹெக்டர் மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்து சேர்ந்தது இந்தச் செங்கல்பட்டுக்குத்தான். புள்ளலூர் வயல்காட்டு நடுவே, பின்னால் நடந்த சண்டையில் இறந்த இரண்டு அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

அந்தப் போரில் சிறைபட்டவர்களில் கேப்டன் டேவிட் பெயர்ட் ஒருவர். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஸ்காட்லாந்தில் இருந்த அவருடைய தாயாருக்குப் போனதாம். மகனின் முரட்டுக் குணம் தெரிந்த அந்த அம்மா, அவனோடு கட்டப்பட்டவன் கதி என்னவோ என்று பரிதாபப்பட்டாராம். உண்மையோ கட்டுக்கதையோ, இருநூற்று நாற்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக் கதை உயிரோடு இருக்கிறது. அதே போரில் செத்த சிப்பாய்களில் எத்தனை பேருடைய அம்மா சொன்னது நமக்குத் தெரியும்?

தெரியாததற்குக் காரணம் பாசக் குறைவு இல்லை, காகிதக் குறைவு. வெள்ளைக்கார அதிகாரியின் வாழ்க்கை பிறந்ததிலிருந்து சாகும் வரை காகிதத்தின் மேல் நடந்தது. கோட்டையில் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சின் பதிவேடுகள் 1680-ல் ஆரம்பிக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த அத்தனைக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் 1698 தொடங்கி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1760 முதல் 1834 வரை கும்பினிப் படையில் இருந்த அதிகாரிகள் யார், எப்போது பதவி உயர்வு, எப்போது சாவு என்று டாட்வெல், மைல்ஸ் என்ற இருவர் 1838-லேயே அகர வரிசையில் அச்சடித்துவிட்டார்கள். கல்லறைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஜே.ஜே. காட்டன் 1905-ல் புத்தகமாகப் போட்டார். இவை போதாதென்று, சர்வேக்காரர்களுக்காகவே கர்னல் பில்லிமோர் என்ற புண்ணியவான் இந்திய சர்வே இலாகாவின் வரலாற்றைத் தடித்தடியாக எழுதி, 1945-லிருந்து டேராடூனில் வெளியிட்டார். ஒவ்வொரு சர்வேயருக்கும் தாய் தகப்பன், பெண்டாட்டி, பிள்ளை, உயில் எல்லாம் பொடி எழுத்தில் கொடுத்திருக்கிறார். சுதந்திரத்துக்கு அப்புறமும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி எழுதி முடித்த மனிதர் அவர்.

காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஊர்க்கதையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மதுராந்தகம் நல்ல உதாரணம். ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்ணால் கண்ட துரை என்று நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்ட கதைதான். எங்கள் பக்கத்தில் அவரைக் "கர்னல் பிளேஸ் துரை" என்பார்கள். ஆனால் லயோனல் பிளேஸ் ராணுவத்தில் இருந்தவரே இல்லை. சிவில் உத்தியோகஸ்தர். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டர். கலெக்டர் எப்படியோ வாய்க்கு வாய் மாறிக் கர்னல் ஆகிவிட்டார். அவருடைய வம்சத்தை ராணுவப் பட்டியலில் தேடுகிறவர் ஆயுசுக்கும் தேடவேண்டியதுதான்.

இனி நம் கதாநாயகர். கர்னல் காலின் மெக்கன்சி. சர்வே பாடம் படித்த யாருக்கும் இவர் பெயர் காதில் விழுந்திருக்கும். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். இவருடைய குடும்பத்தைத் தேடிப் போனால் ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே, மரம் கூடச் சரியாக வளராத லூயிஸ் தீவுக்குப் போகவேண்டும். அங்கே ஸ்டோர்னொவே என்ற துறைமுக ஊர். அப்பா மர்டோக் மெக்கன்சி வியாபாரி, அந்த ஊரின் முதல் போஸ்ட்மாஸ்டர். மகன் காலின் அதே ஊரில் சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். பிரபு வம்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தீவின் சொந்தக்காரர்களான சீஃபோர்த் பிரபுக்களும் மெக்கன்சிகள். குலத்தலைவர் சிபாரிசு இருந்தது. நம்மூரில் "நம்ம பையன்தான், பார்த்துச் செய்யுங்க" என்பது போல! 1783-ல் மெட்ராஸ் வந்து இறங்கியபோது அவருக்குக் கிட்டத்தட்ட முப்பது வயது. கூட வந்த கேடட்களில் பலருக்கு மீசையே முளைத்திருக்காது.

இங்கே ஒரு வேடிக்கை. மெக்கன்சி இந்திய வரலாற்றுக்குள் நுழைந்ததே இன்னொருவருடைய குடும்ப வரலாற்றுக்காகத்தான். லாகரிதம் கண்டுபிடித்த ஜான் நேப்பியரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், பிளஸ் டூ பரீட்சையில் லாக் டேபிளைத் திறந்தவர்கள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1614-ல் அட்டவணையை வெளியிட்டவர். அவருடைய வம்சத்தில் வந்த நேப்பியர் பிரபு, முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆசைப்பட்டு, இந்துக்களின் கணிதத்தைப் பற்றித் தகவல் சேர்க்க மெக்கன்சியின் உதவியைப் பெற்றார். பிரபுவின் மகள் ஹெஸ்டர், கும்பினி உத்தியோகத்திலிருந்த கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனோடு மதுரையில் இருந்தார். அவருடைய அழைப்பில் மெக்கன்சி மதுரைக்குப் போய்ப் பண்டிதர்களைச் சந்தித்தார். லாகரிதத்தில் தொடங்கிய தேடல் வாழ்நாள் பைத்தியமாக ஆனது.

பிறகு மைசூர்ப் போர்கள், பாண்டிச்சேரி முற்றுகை, இலங்கை, ஜாவா என்று ஓடிக்கொண்டே இருந்தார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: உங்கள் ஊர் எப்போது உண்டானது, உங்கள் பாளையக்காரர் வம்சம் என்ன, உங்கள் கோயிலுக்கு யார் மானியம் கொடுத்தார்? இப்படி எழுதி வாங்கியவைதான் கைபீதுகள். தொண்டைமண்டலத்துக் குறும்பர்களைப் பற்றியும் அவர்களுடைய கோட்டைகளைப் பற்றியும் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சொன்னவை அந்தச் சுவடிகளில் இருக்கின்றன. அவர் செத்தபிறகு கணக்கெடுத்தபோது இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டு நகல்கள் 8,076, நாணயங்கள் 6,218 என்று வில்சன் 1828-ல் பட்டியல் போட்டார். எல்லாவற்றையும் கும்பினி ஒரு லட்சம் ரூபாய்க்கு விதவையிடமிருந்து வாங்கியது. அந்த விதவை பெட்ரோனெல்லா, மெக்கன்சி 1812-ல் ஜாவாவில் கட்டிக்கொண்ட டச்சுப் பெண். அவர் பிறகு மறுமணம் செய்துகொண்டதும் பதிவில் இருக்கிறது.

1783-ல் வந்தவர் ஒருமுறை கூட ஊர் திரும்பவில்லை. 1821 மே 8-ஆம் தேதி கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றில், படகில் போகும்போதே உயிர் போனது. 2017-ல் ஸ்டோர்னொவேயில் அவருக்காகப் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். இருநூறு வருஷம் கழித்துப் போஸ்ட்மாஸ்டர் மகன் வீடு திரும்பினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை துரையின் வம்சம். நம் வம்சம் எங்கே என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

நம் கல்லூரி 1794 மே 17-ல் கோட்டைப் பக்கம் சர்வே பள்ளியாகத் தொடங்கியது, எட்டு மாணவர்களோடு என்று எல்லா ஆண்டு விழாவிலும் கேட்டுக் கைதட்டுகிறோம். 1858, 1859, 1920 என்று அடுத்தடுத்த வருஷங்களையும் மனப்பாடமாகச் சொல்வோம். அந்த எட்டுப் பையன்கள் யார் என்று நாம் கேட்டதில்லை. மைக்கேல் டாப்பிங் தன் பள்ளிக்குப் பையன்களை எடுத்தது எழும்பூரில் இருந்த ஆண் அனாதை ஆசிரமத்திலிருந்து. பெயர்தான் அனாதை ஆசிரமம். அங்கிருந்த பலருக்கும் அப்பா உண்டு, வெள்ளைக்காரச் சிப்பாயோ அதிகாரியோ. அம்மா இந்த ஊர்ப் பெண். கும்பினி 1791-ல் ஒரு உத்தரவு போட்டது: இந்தியத் தாய்க்குப் பிறந்தவனுக்கு சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகம் கிடையாது. 1795-ல் இன்னொரு உத்தரவு: பட்டாளத்தில் சேர்ந்தால் குழல் ஊதலாம், மேளம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு உத்தரவுக்கும் நடுவில் பிறந்தது நம் கல்லூரி. அப்பாவின் உத்தியோகத்துக்கு வர முடியாத பையன்களுக்குச் சங்கிலியும் தியோடலைட்டும் கொடுத்த இடம். கும்பினிக்கும் மலிவாக ஆள் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

டாப்பிங் 1796 ஜனவரியில் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலில் இறந்தார். பள்ளி ஜான் கோல்டிங்ஹாமிடம் வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி 1798-ல் கட்டுரை எழுதினாரே, அதே கோல்டிங்ஹாம்தான். அர்ஜுனன் தபசு முன்னால் செல்ஃபி எடுக்கும் நம் மாணவர்கள், நம்முடைய இரண்டாவது ஹெட்மாஸ்டர் அங்கே நின்று குறிப்பெடுத்ததை நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பள்ளிப் பையன்கள்தான் 1800 வாக்கில் தொடங்கிய மைசூர் சர்வேயில் மெக்கன்சிக்கு உதவியாளர்களாகப் போனார்கள். காய்ச்சலில் செத்தவர்கள் உண்டு. தங்கியவர்கள் வரைந்த படங்களில் மெக்கன்சி பெயர் இருக்கிறது.

மெக்கன்சியிடம் தொழில் பழகிய பையன்களில் அதிர்ஷ்டக்காரர் ஒருவர், பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்டு. இவருடைய அப்பா பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு, மெட்ராஸ் ராணுவ அதிகாரி, அதோடு நல்ல ஓவியர். தென்னாட்டுக் கோயில்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். மகன் ராணுவ அதிகாரியாகவும் உயர்ந்து, கானருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சியை அளந்தார். 1821-ல் பழனி மலைமேல் ஏறிக் கோடைக்கானல் பக்கம் போன முதல் ஐரோப்பியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அப்பா, மகன் இருவர் பெயரும் கிடைக்கிறது. ஆசிரமத்துப் பையன்கள் விஷயத்தில் அப்படி இல்லை. பதிவேட்டில் அப்பா பெயர் இருக்கும், அம்மா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பல சமயம் ஒன்றுமே இருக்காது. செங்கல்பட்டோ, பரங்கிமலையோ, பூந்தமல்லியோ, எந்த ஊர்ப் பெண் என்பது கூட எழுதப்படவில்லை. என் பாட்டியின் அம்மாவைப் போலவேதான்.

இன்னொரு குடும்பத்தையும் சொல்லாமல் விட முடியாது. காவலி சகோதரர்கள். எல்லூரைச் சேர்ந்த தெலுங்குப் பிராமணர்கள். மூத்தவர் வெங்கட போரய்யாவைச் சந்தித்ததுதான் தன் தேடலுக்கே திருப்புமுனை என்று மெக்கன்சியே பின்னாளில் எழுதினார். அவருக்கு ஊர்மொழிகள் எதுவும் படிக்க வராது! போரய்யா 1803-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். அதே 1803-ல் மாமல்லபுரம் பற்றி அவர் எழுதிய குறிப்பு இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி வந்த பழைய கட்டுரைகளை எல்லாம் கேப்டன் கார் 1869-ல் தொகுத்தபோது அதையும் சேர்த்தார். இன்னொரு தம்பி ராமசாமி, 1829-ல் தக்காணத்துக் கவிஞர்களின் வரலாற்றை ஆங்கிலத்திலேயே புத்தகமாகப் போட்டார்.

மெக்கன்சி தன் உயிலில் லட்சுமய்யாவுக்கும் ஒரு பங்கு வைத்தார். 1816-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த படத்தில் சிவப்புச் சட்டையோடு மெக்கன்சி நடுவில் நிற்க, சுற்றி மூன்று இந்தியர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துத் துரைகள் இப்படிப் படம் எழுதிக்கொண்டது அபூர்வம். ஆனால் துரைக்குத் தெரிந்த அருமை மற்றவர்களுக்குத் தெரியவில்லை. மெக்கன்சி விட்ட வேலையை நான் தொடர்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று லட்சுமய்யா விண்ணப்பம் போட்டார். 1836-ல் கல்கத்தா ஆசியக் கழகத்துக் கமிட்டி, ஜேம்ஸ் பிரின்செப் செயலாளராக இருந்த சமயம், இது ஒரு நேட்டிவ் தலைமை தாங்கிச் செய்கிற வேலை இல்லை என்கிற தொனியில் கையை விரித்துவிட்டது. வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போனது. முப்பது வருஷம் ஊர் ஊராக அலைந்து சுவடி சேர்த்தவரிடம் சொன்ன பதில் அது. பிரின்செப் பெரிய அறிஞர், அசோகர் எழுத்தைப் படித்தவர், எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க மனசு வரவில்லை.

நமக்குக் காகிதமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கும்பினி இன்ஜினீயர் செங்கல்பட்டு ஜாகீரை அளந்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஊர். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிவைத்த கணக்கை அடிப்படையாகக் கொண்ட வேலை அது. ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எத்தனை, விளைச்சலில் தச்சனுக்கும் தட்டானுக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். அறிஞர் தரம்பால் இதைத் தேடிப்பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊர்களின் கணக்கும் 2001-ல் புத்தகமாகவே வந்திருக்கிறது. மெக்கன்சியின் தென்னாட்டு மொழிச் சுவடிகளோ சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில், நம் வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கோட்டூர்புரத்தில் இருக்கின்றன. நாலு வருஷம் கிண்டியில் இருந்தேன், அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே மாணவத் தம்பி தங்கைகளிடம் ஒரு கோரிக்கை. செமினாருக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்களே, 1794-லிருந்து முதல் பத்து வருஷத்தில் நம் பள்ளியில் படித்த பையன்களின் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பில்லிமோர் புத்தகத்தில் தொடங்கி எழும்பூர் காப்பகத்தில் தொடரலாம். சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய பத்திரம், ஓலை, பாட்டனார் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாமல் போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பாட்டிமார் பெயரை முதலில் கேட்டு எழுதுங்கள். நான் அத்தையிடம் இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன பொங்கலுக்கு "முனியம்மாவோ என்னவோ" என்று ஆரம்பித்தார், அதற்குள் பால் பொங்கிவிட்டது.